ரேடியமும் காடியும்

ஆண்டில் நான்கைந்து முறையேனும் நம் சங்கத்தாருள் எவருக்காவது ஊரிலிருந்து அப்படியோர் அழைப்பு வந்துவிடுகின்றது. அம்பாசமுத்திரத்திலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ தூரத்து உறவினர் ஒருவர் பேசுவார். நலம் உசாவி முடித்தபின் சற்றே தயங்குவார். "பரேல் ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு?" என்பார். அவ்வொரு வினாவில் செய்தி முழுவதும் அடங்கிவிடும். அடுத்த வாரம் தாதர் நிலையத்தில் நெல்லை வண்டிக்காகக் காத்து நிற்போம். இறங்கி வருபவர் தம் துணிப்பையைப் பிறரிடம் கொடுப்பார். மருத்துவச் சீட்டுகள் அடங்கிய உறையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டிருப்பார்.

அவர்களுக்கு மொழி பெயர்ப்பதற்காக யாமும் பன்முறை அம்மருத்துவமனையின் தாழ்வாரங்களில் அமர்ந்ததுண்டு. காத்திருக்கும் பொழுது நீண்டது. வங்கத்தவரும் பீகாரியரும் அசாமியரும் தத்தம் மொழியில் ஒரே அச்சத்தைப் பேசிக்கொண்டிருக்கும் அவ்விடத்திலேதான், இந்நகரில் புற்றுநோயை எதிர்த்து நடந்த நெடும்பணியின் வரலாற்றை அறியவேண்டும் என்ற ஆவல் எமக்குப் பிறந்தது. அறிந்தவற்றுள் சிலவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வரலாறு ஓர் அம்மையாரின் மறைவிலிருந்து தொடங்குகின்றது. தொழிலதிபர் சர் தோராப்ஜி டாடாவின் துணைவியார் மெஹர்பாய், இரத்தப் புற்றுநோயால் 1931ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் காலமானார். செல்வத்தால் பெறக்கூடிய மருத்துவம் அனைத்தும் அவருக்குக் கிட்டியிருந்தது. அத்தகைய மருத்துவத்தின் நிழல்கூட நம் நாட்டவர்க்கு இல்லையே என்னும் எண்ணம் தோராப்ஜியின் உள்ளத்தில் தைத்தது. கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த ரேடியமே அந்நாளில் மேலைநாட்டு மருத்துவர்களின் பெரும் படைக்கலன். ஊசிபோன்ற நுண்குழல்களில் அதனை அடைத்துக் கட்டியின் அருகே வைத்தால், அதிலிருந்து எழும் கதிர்கள் நோயுற்ற உயிரணுக்களைச் சிதைக்கும். ஆனால் பொன்னினும் பன்மடங்கு விலையுடைய பொருள் அது. அத்தகைய நிலையம் ஒன்றை இந்தியாவில் நிறுவக் கருதிய தோராப்ஜியும் மறு ஆண்டே, 1932இல், காலமாகிவிட்டார். எண்ணம் மட்டும் அழியவில்லை. அவர் விட்டுச்சென்ற அறநிலையத்தின் பொருளால் 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை திறந்துவைக்கப்பெற்றது. ஆலைச் சங்குகளின் ஓசையால் பொழுது விடிந்த பேட்டை அந்நாளைய பரேல். 1957இல் மைய அரசின் நலவாழ்வு அமைச்சகம் மருத்துவமனையை ஏற்றது. 1962இல் அது அணுசக்தித் துறையின் பொறுப்பில் வந்தது. மருத்துவமனைக்கும் அணுசக்திக்கும் என்ன உறவு என்று வியப்போர் உண்டு. கதிர்வீச்சால் நோய் தீர்க்கும் கலை, இயற்பியலாரும் பொறியியலாரும் உடனிருந்தாலன்றி வளராது என்பதே விடை.

அம்மருத்துவமனையின் ஆய்வுக்கூடங்களுக்குத் தலைமை பூண்ட டாக்டர் வி. ஆர். கானோல்கரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல இயலவில்லை. இன்னாருக்கு இந்நோய் என்று குறிப்பதோடு அவர் நிறைவடையவில்லை. இன்னாருக்கு இது ஏன் வந்தது என்று வினவினார். அவரும் சங்வி, ராவ் ஆகியோரும் புகையிலை மெல்லுவதற்கும் புகைப்பதற்கும் வாய், தொண்டைப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு 1955இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டனர். நம்மவர் வெற்றிலைப் பெட்டியில் புகையிலைக்கு அளித்திருந்த மதிப்பான இடத்தை எண்ணும்போது, அக்கட்டுரை நம் வீட்டுத் திண்ணைகளையும் நோக்கி எழுதப்பட்டதாகவே தோன்றுகின்றது.

ஏறத்தாழ அக்காலத்திலேயே தமிழகத்திலும் இதனையொத்த ஒரு துயரம் ஒரு நிறுவனமாக உருப்பெற்றது. புதுக்கோட்டையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்வேதனையை முப்பதாண்டுகள் மறவாதிருந்தார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. டாடா குடும்பத்தின் செல்வம் அதன் பின்னே இல்லை. திரட்டிய நன்கொடையும், அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்த டாக்டர் சாந்தாவுமே அதன் மூலதனம்.

அந்த 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டினின்றும் கோபால்ட் கதிர்ப்பொறி ஒன்று அடையாற்றுக்கு வந்தது. ரேடியத்தின் அருமையைக் கோபால்ட் ஒருவாறு தணித்தது எனலாம். அணு உலையில் இட்டெடுத்தால் சாதாரணக் கோபால்ட் கதிர்வீசும் கோபால்ட்-60 ஆகிவிடும். அதனை ஈயக் கவசத்துள் வைத்து, வேண்டும்போது சாளரத்தைத் திறந்தால் கதிர் உடலின் ஆழத்துக்குச் செல்லும். ஐந்தாண்டும் சில திங்களும் கழிந்தால் அதன் ஆற்றல் பாதியாகிவிடும். ஆகவே மூலத்தை அவ்வப்போது மாற்றவேண்டும். உலகில் முதன்முதல் நோயாளிக்கு இக்கதிர் செலுத்தப்பெற்றது கனடாவில், 1951இல். அரை நூற்றாண்டு காலம் இப்பொறிகளை நாம் வெளிநாடுகளிலிருந்தே வாங்கினோம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில்தான் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 'பாபாட்ரான்' என்னும் பொறியைத் தாமே வடிவமைத்து, டாடா நிலையத்தின் கார்கர் வளாகத்தில் முதலில் நிறுவினர். இடையில் மின்சாரம் நின்றுபோனாலும் மின்கலத்தால் இயங்குமாறு அதனை அமைத்தமை எம் நெஞ்சைக் கவர்ந்தது. சிற்றூர் மருத்துவமனையின் மின்வெட்டை நேரிற் கண்டவனுக்கே அவ்வெண்ணம் தோன்றும்.

இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும் பொறி எவ்வளவு திறம் வாய்ந்ததாயினும், நோயாளி அதன்முன் வந்து படுத்தாலன்றிப் பயனில்லை அன்றோ? காலம் கடந்து வந்தால் எந்தக் கதிரும் என் செய்யும்?

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஓர் அம்மையார் இருந்தார். அனைவரும் அவரை அக்கா என்றே அழைப்போம். வீட்டிலேயே இட்லிமாவு அரைத்து விற்று இரு மக்களைப் படிக்கவைத்தவர். மாதவிலக்கு நின்று ஈராண்டான பின் மீண்டும் உதிரம் கண்டது. அதனை ஓராண்டு யாரிடமும் அவர் சொல்லவில்லை. பின்னர்ப் பக்கத்திலிருந்த மருத்துவர் ஒருவரிடம் சென்றார். அவர் நோக்கிப் பாராமலேயே மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். மேலும் ஆறு திங்கள் கழிந்தன. பரேலுக்கு யாம் உடன் சென்ற அன்று, கருப்பைவாய்ப் புற்று மூன்றாம் நிலையைக் கடந்துவிட்டது என்றனர். திரும்பும் வழியில், "முன்பே எம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா, அக்கா?" என்று கேட்டோம். "இதையெல்லாம் போய் உங்ககிட்ட எப்படித் தம்பி சொல்றது?" என்றார். பதினான்கு திங்களுக்குப் பின் அவர் இல்லை.

கருப்பைவாய்ப் புற்றைப் போல, காத்துக்கொள்ளக் காலம் தரும் புற்று வேறொன்று அரிது. ஹெச்.பி.வி. என்னும் தீநுண்மியின் தொற்று நெடுநாள் நீங்காமல் நிலைத்தால், திசு மெல்ல மாறுபடத் தொடங்கும். அம்மாறுதல் முற்றிப் புற்றாகப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் கண்டுவிட்டால் சிறு மருத்துவத்தாலேயே தீர்த்துவிடலாம். இதனை மேலைநாட்டார் 1940களிலிருந்தே அறிவர். பாபனிகோலா என்னும் அறிஞர் வகுத்த முறைப்படி, கருப்பைவாயிலிருந்து சிறிது வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, உருப்பெருக்கியின் கீழ்ப் பார்ப்பர். அந்நாடுகளில் இந்நோயால் நேரும் சாவு பெரிதும் குறைந்தது அதனாலேயே. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். தகட்டைப் படிக்கத் தேர்ந்த கண்கள் வேண்டும். முடிவு வந்தபின் அப்பெண்ணை மீண்டும் தேடிப்பிடிக்க முகவரி வேண்டும். இந்நகரின் குடிசைப் பகுதிகளிலே இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பதை எண்ணிப் பாருங்கள்!

இவ்விடத்திலேதான் காடி வருகின்றது. காடி என்றால் நம் பாட்டிமார்க்குப் புளித்த கஞ்சிநீர். ஈண்டு யாம் குறிப்பது ஊறுகாய்க்கு இடும் வெண்ணிற வினிகரை. அதன் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு நீரில் கலந்து பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட திசு வெண்மையாகித் தோன்றும். மாறுபட்ட உயிரணுக்களில் உட்கருவும் புரதமும் மிகுதி. அமிலம் அப்புரதத்தை உறையச் செய்வதால் ஒளி ஊடுருவாமல் திரும்புகின்றது. பால் திரிவதைக் கண்ட எவர்க்கும் இது விளங்கும். ஜெர்மனியில் ஹின்செல்மன் என்பார் 1925இல் கருப்பைவாய் நோக்கியை அமைத்த காலந்தொட்டே மருத்துவர்கள் இவ்வமிலத்தை அறிவர். ஆயினும் நோக்கியின்றி, மருத்துவருமின்றி, வெறுங்கண்ணால் பார்த்தே உயிர்களைக் காக்க இயலுமா என்பதற்கு எவரிடமும் சான்று இல்லை.

அச்சான்றைத் தேடி டாடா நிலையத்தார் 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். டாக்டர் சுரேந்திர சாஸ்திரி முதலானோர் அதனை நடத்தினர். 35 முதல் 64 வயதுவரையிலான பெண்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் 20 பகுதிகளிலிருந்து சேர்க்கப்பெற்றனர். பத்துப் பகுதிகளில், ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் காடிச் சோதனை. ஏனைய பத்தில் நோயின் அறிகுறிகளைப் பற்றிய விளக்கவுரை மட்டும். சோதித்தவர்கள் பத்தாம் வகுப்புவரை படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண்கள். வீடு வீடாகச் சென்று, மாமியாரிடமும் கணவரிடமும் பேசி, ஐயத்தைப் போக்கி அழைத்துவந்தனர். நூற்றுக்கு 89 பேர் வந்தனர் என்று கணக்குக் கூறுகின்றது. காடி வெண்மை காட்டியதைவிட இதுவே எமக்கு வியப்பாக இருக்கின்றது. நம் அக்காவின் கதவை அப்படியொருத்தி தட்டியிருந்தால் அவர் அவளிடம் சொல்லியிருப்பாரோ? 'தம்பி'யிடம் சொல்ல இயலாததை ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபின் 2013இல் முடிவு வெளிவந்தது. சோதனை பெற்ற 75,360 பெண்களுள் இந்நோயால் இறந்தோர் 67. சோதனை பெறாத 76,178 பேருள் 98. சாவு விகிதம் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. நாடு முழுதும் இம்முறையை விரித்தால் ஆண்டுக்கு 22,000 உயிர்களைக் காக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

தமிழகத்திலும் இதனையொத்த ஆய்வு நிகழ்ந்ததை நம்மவருள் பலர் அறியார். லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையே அதன் களநிலையம். செவிலியர் சோதித்தனர், பழுது கண்டால் பெரும்பாலும் அப்போதே குளிர்முறையால் திசுவை உறையவைத்து நீக்கினர். ஒரே சுற்றுச் சோதனை. எனினும் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததாக 2007இல் அறிவித்தனர்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் இது வெற்றிப் பாட்டாக முடிந்துவிடும். வரலாறு அவ்வாறு முடியவில்லை. இன்று தாராசிவ் என்று பெயர்பெற்றுள்ள உஸ்மானாபாத் மாவட்டத்தில் அதே அறிஞர் நடத்திய மற்றோர் ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. அங்கே காடிச் சோதனையால் சாவு குறைந்ததென்று நிறுவ இயலவில்லை. தகட்டுச் சோதனையாலும் இயலவில்லை. தீநுண்மியையே நேரிற் கண்டறியும் ஹெச்.பி.வி. சோதனை பெற்ற பெண்களிடையேதான், ஒரே சுற்றில், சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காடிச் சோதனை பார்ப்பவரின் கண்ணை நம்பியது. பயிற்சி தளர்ந்தால் பயனும் தளரும். வெறும் அழற்சியும் வெண்மையாய்த் தோன்றி நலமுள்ளவரை அலைக்கழிக்கும். இக்குறைகளை மறைத்துப் புகழ்வது அவ்வாய்வாளர்க்கே இழுக்கு.

அதனினும் கடுமையான வினா ஒன்றுண்டு. மும்பை, திண்டுக்கல், உஸ்மானாபாத் ஆகிய மூன்றிடத்தும் சோதனை பெறாத பிரிவிலிருந்த பெண்களின் நிலை என்ன? மும்பையில் 98, திண்டுக்கல்லில் 92, உஸ்மானாபாத்தில் 64, ஆக 254 பேர் அப்பிரிவுகளில் இந்நோயால் இறந்தனர். சோதனையால் பயனுண்டு என்பதைப் பிறநாடுகள் பல்லாண்டுகளாக அறிந்திருக்க, ஏழைப் பெண்களைச் சோதியாது விட்டு எண்ணிக்கொண்டிருப்பது அறமோ என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா முறையிட்டார். மும்பை ஆய்வுக்குப் பொருளுதவி அமெரிக்க அரசினுடையது. ஆதலின் அந்நாட்டின் மேற்பார்வை அலுவலகம் ஆராய்ந்து, பெண்களிடம் இசைவு பெற்றபோது வேறு சோதனை முறைகள் உள்ளன என்பது போதிய அளவு விளக்கப்படவில்லை என்று கூறிற்று. ஆய்வாளர் தரப்பின் விடை வேறு: இந்நாட்டில் அப்பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்த சோதனை எதுவுமில்லை, அவ்வாய்வினால் எவருக்கும் முன்பிருந்தது பறிபோகவில்லை, மலிவான முறை பயன்தரும் என்று எண்ணிக் காட்டினாலன்றி அரசு ஏற்காது, முடிவு தெரிந்தபின் எஞ்சிய பெண்களையும் சோதனைக்கு அழைத்தோம் என்றனர்.

இருபுறத்தையும் படித்து யாம் பலநாள் மயங்கியதுண்டு. ஆய்வு நடந்திராவிட்டால் நாடு இம்முறையை ஏற்றிராது என்றே எண்ணுகின்றோம். ஆயினும் மாதுங்காவின் மாடிவீட்டுப் பெண் ஒருத்தி, கட்டணம் செலுத்தித் தகட்டுச் சோதனையை அந்நாளிலேயே பெற்றிருக்கக்கூடும். அப்படியொன்று உண்டு என்று குடிசையிலிருந்தவளுக்கும் தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும். அவளால் அதனைப் பெற இயன்றிருக்காது என்பது சொல்லாமல் விடுவதற்குக் காரணமாகாது. அந்த 254 பேரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மெஹர்பாயின் பெயரால் ஓர் அறநிலையம் உண்டு.

அரசு அந்த எண்களை எவ்வாறு கொண்டது என்பதையும் காண்போம். தமிழக அரசு 2007இல் தேனி, தஞ்சை மாவட்டங்களில் காடிச் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் விரித்தது. மைய அரசு 2016இல் வெளியிட்ட நெறிமுறையில், 30 முதல் 65 வயதுவரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை காடிச் சோதனை என்று வகுத்தது. ஏட்டில் ஏறியது வீட்டை எட்டிற்றா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களுள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழப் பத்துப்பேர். பிறரினும் மேல் என்று மகிழ்வதா, தொண்ணூறு பேர் எஞ்சியுள்ளனரே என்று வருந்துவதா? உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல், இயன்ற இடமெல்லாம் ஹெச்.பி.வி. சோதனையையே முதலிற் செய்க என்று பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுத்துவிடலாம். நாணத்தால் ஓராண்டு வாய்திறவாதவர்க்கு இது சிறிய ஆறுதல் அன்று. நம் அண்டை நகரான புனேயில் உருவான தடுப்பூசிக்கும் 2022இல் ஒப்புதல் கிடைத்தது. சிறுமியர்க்கு அதனை இட்டால் தொற்றே நிலைகொள்ளாமல் தடுக்கலாம்.

சென்ற ஆண்டு நம் மகளிர் பிரிவினர் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் இச்சோதனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினர். அறிவிப்புப் பலகையில் 'மகளிர் நலமுகாம்' என்று மட்டும் எழுதியிருந்தனர். நோயின் பெயரை எழுதினால் எவரும் வாரார் என்பது அவர்கள் கருத்து. பதினொருவர் வந்தனர். ஒருவருக்கு ஐயம் தோன்ற, மேற்சோதனைக்கு அனுப்பப்பெற்று, அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று அறிந்து திரும்பினார். இவ்வாண்டு பலகையில் நோயின் பெயரையே எழுதுவது என்று நீண்ட வாதத்துக்குப்பின் முடிவு செய்துள்ளனர். பெயர் பதிவதற்கு மகளிர் பிரிவின் செயலாளர் மாலை ஐந்து மணிக்குமேல் நூலக அறையில் இருப்பார். ஆடவர் உறுப்பினர் அவ்வேளையில் நூலகத்துக்கு வாராதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.